தோட்டப் பட்டணத்தில் மின்கட்டமைப்பை மேம்படுத்துவது எப்படி: ஆற்றையும் மண்ணையும் கெடுக்காத முழு வழிகாட்டி

மலேசியாவின் சிலாங்கூர் மாநிலத்திலுள்ள பெஸ்தாரி ஜெயா போன்ற தோட்டப் பட்டணங்களில் கம்பி இழுத்த காலம் வேறு, இன்று அதில் ஓடும் சுமை வேறு. லயத்து வீட்டுக்கு (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடு) நான்கு விளக்கு, ஒரு மின்விசிறி என்று கணக்குப் போட்ட கம்பியில் இன்று ஏர்கோன், வாட்டர் ஹீட்டர், துணி துவைக்கும் இயந்திரம் எல்லாம் ஏறியிருக்கின்றன. தோட்டத்தை வெட்டி விற்ற நிலத்தில் தாமான் எனப்படும் குடியிருப்பு எழும்பி, அதற்கும் அதே பழைய பாதையிலிருந்தே மின்சாரம் போகிறது. இரவு எட்டு மணிக்கு விளக்கு மங்கினால் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. கட்டமைப்பை மேம்படுத்தித்தான் ஆக வேண்டும்.

ஆனால் ஊர் எங்கே நிற்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். பெரியவர்கள் இன்றும் பத்தாங் பெர்ஜுந்தை என்றே சொல்லும் இந்த ஊரை ஒட்டி சுங்கை சிலாங்கூர் ஓடுகிறது. கிள்ளான் பள்ளத்தாக்கின் குடிநீரில் பெரும்பங்கு இந்த ஆற்று நீர்தான். அதை எடுத்துச் சுத்திகரிக்கும் பெரிய நிலையங்களும் இந்தப் பகுதியிலேயே இருக்கின்றன. 2020 செப்டம்பரில் இந்த ஆற்றில் துர்நாற்ற மாசு கலந்தபோது நான்கு சுத்திகரிப்பு நிலையங்கள் மூடப்பட்டு, பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட இணைப்புகளில் குழாய் வறண்டது. வடக்கே ராஜா மூசா கரிச்சதுப்புக் காடு. ஆற்றோடு கீழே போனால் கம்போங் குவாந்தான், பெரெம்பாங் மரங்களில் மின்மினிகள் ஒரே தாளத்தில் மின்னும் இடம். இங்கே ஒரு பழைய டிரான்ஸ்ஃபார்மரின் எண்ணெய் வாய்க்காலில் இறங்கினால் அது எங்கே போய்ச் சேரும் என்று யோசித்துப் பாருங்கள்.

மின்வேலையில் சுற்றுச்சூழல் கெடுவது பெரும்பாலும் புதிதாக வரும் சாதனத்தால் அல்ல. அளந்து பார்க்காமல் தேர்ந்தெடுத்த பாதையாலும், கணக்கில்லாமல் ஊரை விட்டு வெளியேறும் பழைய சாதனத்தாலும்தான் கெடுகிறது. கீழே உள்ள படிகளின் வரிசை அதற்காகவே இப்படி அமைந்திருக்கிறது. தாமான் குடியிருப்போர் சங்கம், தோட்ட நிர்வாகம், கோயில் கமிட்டி, சிறு ஆலை நடத்துகிறவர்கள் என்று யார் எடுத்துச் செய்தாலும் வரிசையை மாற்ற வேண்டாம்.

முதல் படி: எந்தக் கம்பி யாருடையது?

தாமானில் மீட்டர் வரையுள்ள கம்பி மின்வாரியமான தெனாகா நேஷனலுடையது. மீட்டருக்குப் பின்னால் உள்ளது வீட்டுக்காரருடையது. தோட்டத்தில் கதை வேறு. பல தோட்டங்கள் நுழைவாயிலில் ஒரே மீட்டரில் மொத்தமாக மின்சாரம் வாங்கி, உள்ளே தங்கள் சொந்தக் கம்பியில் லயங்களுக்கும் ஆபீசுக்கும் பிரித்துக் கொடுக்கின்றன. அந்தக் கம்பி, கம்பம், டிரான்ஸ்ஃபார்மர் எல்லாம் தோட்டத்தின் பொறுப்பு. தோட்டத் தொழிலாளர் குடியிருப்புக்கு என்னென்ன வசதி இருக்க வேண்டும் என்று 1990ஆம் ஆண்டின் 446ஆம் சட்டம் சொல்கிறது. மின்சாரமும் அதில் அடக்கம்.

ஒரு வரைபடத்தில் எல்லாவற்றையும் குறியுங்கள்: சப்ஸ்டேஷன், கம்பங்கள், கிளைப் பெட்டிகள், ஒவ்வொன்றின் சொந்தக்காரர். அதே படத்தில் வாய்க்கால், பாரிட் எனப்படும் வடிகால், ஆற்றுக்கரை, கிணறு, கம்புட் எனப்படும் கரிச்சதுப்பு மண் உள்ள இடங்கள் ஆகியவற்றையும் வரைந்துவிடுங்கள். பின்னால் பாதை முடிவு செய்யும்போது இந்த ஒரு தாள்தான் கை கொடுக்கும்.

இரண்டாம் படி: அளவெடுப்பு

இந்தப் படிக்குத்தான் அதிக நேரம் கொடுக்க வேண்டும். பெரும்பாலானவர்கள் தாண்டிப் போவதும் இதைத்தான்.

பதிவு செய்யும் மீட்டர் ஒன்றை சப்ஸ்டேஷன் வெளிச்செல்லும் கம்பிகளில் குறைந்தது ஒரு வாரம் மாட்டி வையுங்கள். சனி, ஞாயிறு அதில் வர வேண்டும். திருவிழாக் காலச் சுமை பெரிதென்றால் அந்த நாள்களைத் தனியாக அளக்க வேண்டும். தீமிதிக்குப் போடும் சர விளக்குக்காக ஊர் முழுக்க டிரான்ஸ்ஃபார்மரைப் பெரிதாக்குவது வீண். ஒவ்வொரு ஃபேஸிலும் (மின்சாரம் கொண்டுவரும் மூன்று கம்பிகளில் ஒவ்வொன்றிலும்) எத்தனை ஆம்ப், கடைசி வீட்டில் எத்தனை வோல்ட், எந்த நேரத்தில் என்று எழுதிக்கொள்ளுங்கள். மலேசியாவில் 2008 முதல் பெயரளவு மின்னழுத்தம் 230 வோல்ட்; மேலே 10 சதவீதம், கீழே 6 சதவீதம் வரை அனுமதி. அதாவது 216 முதல் 253 வோல்ட் வரை. கடைசி வீட்டில் 216க்குக் கீழே போனால்தான் உண்மையான குறைபாடு.

ஒரு கணக்கு. சப்ஸ்டேஷனிலிருந்து 600 மீட்டர் தள்ளியுள்ள லயத்துக்கு 185 சதுர மில்லிமீட்டர் அலுமினியக் கட்டுக்கம்பி (உறையிட்ட கம்பிகளை ஒன்றாக முறுக்கியது) போகிறது என்று வையுங்கள். அதன் தடை கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 0.164 ஓம். ஒவ்வொரு ஃபேஸிலும் 100 ஆம்ப் ஓடினால் அந்தத் தடையில் 10 வோல்ட் போல விழும். மூன்று கம்பியும் சேர்ந்து 3 கிலோவாட் வெறும் சூடாகப் போகும். இப்போது அதே 300 ஆம்ப், வீடுகளை இஷ்டத்துக்கு இணைத்ததால், 200, 70, 30 என்று பிரிந்து ஓடுவதாக வையுங்கள். நியூட்ரல் எனப்படும் பொதுத் திரும்புகம்பியில் 154 ஆம்ப் ஓடும். நியூட்ரலும் அதே தடிமன் என்று கொண்டாலே இழப்பு 6.8 கிலோவாட் ஆகிவிடும். கட்டுக்கம்பியில் நியூட்ரல் வழக்கமாக இன்னும் மெல்லியது, ஆகவே உண்மை இழப்பு இதைவிட அதிகம். கம்பி அதேதான், சுமை அதேதான். பகிர்வு சரியில்லாததால் மட்டும் இரண்டு மடங்குக்கு மேல் வீணாகிறது. 200 ஆம்ப் ஓடும் ஃபேஸில் உள்ள வீடுகள்தான் "கரண்ட் பத்தவில்லை" என்று புகார் செய்துகொண்டிருக்கும்.

டிரான்ஸ்ஃபார்மரையும் இதே கண்ணோடு பாருங்கள். 300 கேவிஏ டிரான்ஸ்ஃபார்மர் 400 வோல்ட்டில் முழுச் சுமைக்கு ஏறத்தாழ 433 ஆம்ப் கொடுக்கும். உங்கள் உச்ச அளவு 280 ஆம்ப் என்றால் டிரான்ஸ்ஃபார்மரில் குறையில்லை. குறை கம்பியில் இருக்கிறது, அல்லது பகிர்வில்.

மூன்றாம் படி: மண்ணைத் தோண்டாமல் முடிவதை முதலில் முடியுங்கள்

வீடுகளை ஃபேஸ் ஃபேஸாகப் பிரித்துச் சமப்படுத்துவது ஒரு நாள் வேலை. எரிசக்தி ஆணையத்தின் தகுதிச் சான்று உள்ள வயர்மேன்தான் செய்ய வேண்டும். தெனாகாவின் கம்பியாக இருந்தால் அவர்கள்தான் கை வைக்க முடியும். தளர்ந்த இணைப்புகளை வெப்பப் படக்கருவியால் பார்த்து இறுக்குவதும் இதோடு சேர்ந்தது. பழைய செம்பு இணைப்பை அலுமினியக் கம்பியோடு நேராக முறுக்கி வைத்திருந்தால் அங்கே அரிப்பு நிச்சயம். இரண்டு உலோகத்துக்கும் உரிய இணைப்பான் போடுங்கள்.

ஆலைகளிலும் பட்டறைகளிலும் பவர் ஃபேக்டர் (எடுக்கும் மின்சாரத்தில் உண்மையில் வேலை செய்யும் பங்கு) 0.85க்குக் கீழே போனால் பில்லில் கூடுதல் கட்டணம் வரும். கப்பாசிட்டர் வைத்து அதை உயர்த்தினால் கட்டணமும் குறையும், கம்பியில் ஓடும் ஆம்பும் குறையும். பழைய கப்பாசிட்டர்களைக் கழற்றும்போது மட்டும் கவனம். காரணம் ஆறாம் படியில் வருகிறது.

இவை எல்லாம் முடிந்தபின் மறுபடியும் ஒரு வாரம் அளவெடுங்கள். சில ஊர்களில் வேலை இத்துடனேயே முடிந்துவிடும். ஒரு மரம் சாயவில்லை, ஒரு குழி தோண்டவில்லை. இதைவிடச் சுத்தமான மேம்பாடு கிடையாது.

நான்காம் படி: பாதை

புதிய கம்பி தேவை என்று அளவீடு சொன்னால், முதல் தேர்வு இருக்கும் பாதையிலேயே கம்பியை மாற்றுவது. திறந்த வெறுங்கம்பியை எடுத்துவிட்டு உறையிட்ட கட்டுக்கம்பி போட்டால் கிளை வெட்டுவதும் குறையும், செம்பனை மட்டை விழுந்து மின்சாரம் போவதும் குறையும்.

லயம் வெகு தூரத்தில் இருந்தால் 400 வோல்ட் கம்பியைத் தடிமனாக்கிக்கொண்டே போவதைவிட, 11 கிலோவோல்ட் கம்பியை லயத்தருகே கொண்டுபோய் அங்கே சிறிய டிரான்ஸ்ஃபார்மர் வைப்பது நல்லது. அதே திறனை 11,000 வோல்ட்டில் அனுப்பினால் ஓடும் ஆம்ப் 400 வோல்ட்டில் ஓடுவதில் 27இல் ஒரு பங்குதான். மெல்லிய கம்பி போதும், குறுகிய பாதை போதும்.

செம்பனைக்கு நடுவே போகும் கம்பியில் உயிராபத்து ஒன்று இருக்கிறது. நீண்ட அலுமினியக் கழியில் அரிவாள் கட்டிக் குலை வெட்டுகிறவர், தலைக்கு மேலே கம்பி போவதைக் கவனிக்காமல் கழியைத் தூக்கிவிட்டால் அவ்வளவுதான். கழி எட்டும் தூரத்தில் மரம் வைக்காதீர்கள். அங்கே இருக்கும் மரங்களுக்குப் பதிலாக அடுத்த மறுநடவில் புதிதாக நடாமல் விட்டுவிடுங்கள். அதுவரை அந்த வரிசைகளுக்கு மின்காப்புள்ள கழி கொடுத்து, மரத்தில் சிவப்பு வண்ணம் அடியுங்கள். மண்டோர் (மேற்பார்வையாளர்) வாய்மொழியாகச் சொல்வது மட்டும் போதாது. புதிதாக வேலைக்கு வந்தவருக்கு மொழி புரியாமலும் போகலாம், வண்ணம் எல்லாருக்கும் புரியும்.

கம்புட் மண்ணில் பூமிக்கடிக் கேபிள் போடும்போது எச்சரிக்கை தேவை. கேபிளுக்கு மணல் படுக்கை போட்ட நீண்ட குழி, வாய்க்காலைப் போலவே சதுப்பின் நீரை வடித்துவிடும். நீர் வடிந்த கம்புட் சுருங்கும், அமுங்கும், வறட்சியில் தீப்பிடிக்கும். மண்ணுக்கடியில் புகைந்துகொண்டே போகும் அந்தத் தீயை அணைப்பது பெரும்பாடு. காய்ந்த கம்புட் வெப்பத்தையும் சரியாகக் கடத்தாது, அதனால் கேபிளின் தாங்குதிறனும் குறைகிறது. ஆகவே முடிந்தவரை ஏற்கெனவே இறுகிய தோட்டச் சாலையின் ஓரத்திலேயே போங்கள். தவிர்க்க முடியாத இடத்தில் குழிக்குக் குறுக்கே இடைவெளி விட்டுக் களிமண் அணைகள் வைத்து நீரோட்டத்தைத் தடுங்கள். பாரிட்டைக் கடக்கும்போது கரையை வெட்டாமல் அடியில் துளையிட்டுக் கடத்துங்கள்.

கரையோரம் நெருங்க நெருங்க இன்னொரு மண் வரும். அதில் இரும்புக் கந்தகம் இருக்கும். மேலே எடுத்துக் காற்றுப் பட்டால் அமிலமாகும். அந்த அமிலம் எர்த் கம்பியையும் கான்கிரீட்டையும் அரிக்கும், மழையில் கரைந்து வாய்க்கால் மீனைக் கொல்லும். தோண்டிய மண்ணை அடுக்கு மாறாமல் தனித்தனியே வைத்து, அன்றன்றே அதே வரிசையில் மூடிவிடுங்கள்.

கம்பத்தின் உச்சியைப் பற்றியும் சொல்ல வேண்டும். எலியைப் பிடிக்கத் தோட்டங்கள் கூண்டு வைத்து வெண்ணாந்தை வளர்க்கின்றன. அந்த ஆந்தை உயரமான கம்பத்தில் உட்காரும். டிரான்ஸ்ஃபார்மரின் இரண்டு முனைகளைச் சிறகு தொட்டால் ஆந்தையும் போகும், ஊர் விளக்கும் போகும். முனைகளுக்கு மின்காப்பு மூடி போடுவது சிறு செலவு. குரங்கு ஏறாமல் கம்பத்தில் வழவழப்பான தகடு சுற்றுவதும் அப்படியே. ஆந்தைக் கூண்டைக் கம்பத்திலிருந்து தள்ளி வையுங்கள்.

ஐந்தாம் படி: டிரான்ஸ்ஃபார்மரும் சுவிட்சும்

விலைப்பட்டியலில் சுமையில்லா இழப்பு என்ற வரியைக் கட்டாயம் கேளுங்கள். யாரும் மின்சாரம் எடுக்காதபோதும் டிரான்ஸ்ஃபார்மர் தானே வீணாக்குவது அது; இரவும் பகலும் ஓடும். ஒரு கிலோவாட் சுமையில்லா இழப்பு என்றால் ஆண்டுக்கு 8,760 யூனிட். தேவைக்கு மிஞ்சிய பெரிய டிரான்ஸ்ஃபார்மர் வாங்கினால் இந்த இழப்பும் பெரிதாகும். உருவமற்ற உலோக (அமார்ஃபஸ்) மையம் கொண்டவற்றில் இது வெகுவாகக் குறையும். பகலில் காலியாகக் கிடக்கும் குடியிருப்புப் பகுதிக்கு அது பொருத்தம். சிறியதாக வாங்கி எரிப்பதும் தப்பு: காப்புத் தாளின் வெப்பம் அளவுக்கு மேல் 6 டிகிரி கூடினாலே அதன் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகிறது.

ஆற்றுக்கும் வாய்க்காலுக்கும் அருகே வைப்பதென்றால் கனிம எண்ணெய்க்குப் பதிலாகத் தாவர எண்ணெயால் ஆன எஸ்டர் திரவம் நிரப்பிய டிரான்ஸ்ஃபார்மர் வாங்குங்கள் என்பது என் உறுதியான கருத்து. மண்ணில் விரைவில் மக்கும். தீப்பிடிக்கும் வெப்பநிலை 300 டிகிரிக்கு மேல். கனிம எண்ணெய்க்கு அது 170 டிகிரி அளவில்தான். விலை கூடுதல்தான். கீழே லட்சக்கணக்கானோர் குடிக்கும் நீர் ஓடும்போது அந்தக் கூடுதலைச் செலவழிக்கலாம்.

எந்த எண்ணெயாக இருந்தாலும் தரையில் நிற்கும் டிரான்ஸ்ஃபார்மருக்குக் கீழே அதன் எண்ணெய் அளவில் 110 சதவீதம் கொள்ளும் தொட்டி கட்டுங்கள். நம் ஊர் மழையில் அந்தத் தொட்டி தண்ணீரால் நிரம்பிவிடும்; நிரம்பிய தொட்டி எண்ணெயைத் தாங்காது. மேலே கூரை போடுங்கள், வடிகால் வால்வைப் பூட்டியே வையுங்கள், நீரில் எண்ணெய்ப் படலம் இல்லை என்று பார்த்தபின் மட்டும் திறந்துவிடுங்கள்.

சுவிட்ச் பெட்டிகளில் மின்காப்புக்காக எஸ்.எஃப்.6 வாயு அடைத்து வருவதுண்டு. அந்த வாயு ஒரு கிலோ கசிந்தால் 23 டன்னுக்கும் அதிகமான கரியமில வாயுவுக்குச் சமமான வெப்பத்தைக் காற்றில் சேர்க்கும். வெற்றிடத் துண்டிப்பானும் உலர்காற்றுக் காப்பும் கொண்ட பெட்டிகள் இப்போது கிடைக்கின்றன. முதலில் அதைக் கேளுங்கள். தெனாகாவோடு இணையும் இடத்தில் அவர்கள் ஒப்புக்கொண்ட வகையைத்தான் வைக்க முடியும் என்பதால் வரைபடக் கட்டத்திலேயே பேசிவிடுங்கள்.

ஆறாம் படி: பழையது எந்த வழியாகப் போகிறது?

புதிய டிரான்ஸ்ஃபார்மருக்கு ஆர்டர் கொடுக்கும் முன் பழையதற்கு வழி முடிவாகியிருக்க வேண்டும். பழைய டிரான்ஸ்ஃபார்மர் தோட்டத்து ஸ்டோருக்குப் பின்னால் சாய்ந்து கிடந்து துருப்பிடித்து ஒழுகுவதும், செம்புக்காக யாரோ உடைத்து எண்ணெயைத் தரையில் கொட்டுவதும்தான் இந்த வேலையின் மிகப் பெரிய கேடு.

1980களுக்கு முந்தைய டிரான்ஸ்ஃபார்மர்களிலும் கப்பாசிட்டர்களிலும் பிசிபி என்ற குளோரின் சேர்மம் இருக்கலாம். அது மக்காது, மீனில் சேர்ந்து மீன் தின்கிறவர் உடலில் தங்கும், புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று வகைப்படுத்தப்பட்டது. பெயர்த்தகட்டைப் படமெடுத்து, எண்ணெய் மாதிரியை ஆய்வுக்கூடத்துக்கு அனுப்புங்கள். பத்து லட்சத்தில் 50 பங்குக்கு மேல் இருந்தால் அது பிசிபி கழிவு. பார்த்தோ முகர்ந்தோ தெரிந்துகொள்ள வழியில்லை. முடிவு வரும்வரை யாரும் திறக்கக் கூடாது.

2005ஆம் ஆண்டின் அட்டவணைக் கழிவு (ஆபத்தான கழிவு) விதிகளின் கீழ் இப்படிப்பட்ட மின்சாதனக் கழிவும், பழைய எண்ணெயும் சுற்றுச்சூழல் துறைக்கு அறிவிக்கப்பட வேண்டியவை. உரிமம் பெற்ற வாகனத்தில், உரிமம் பெற்ற இடத்துக்கு மட்டுமே போகலாம். 180 நாளுக்கு மேல் வளாகத்தில் வைத்திருக்கக் கூடாது. குத்தகை ஒப்பந்தத்தில் ஒரு வரி சேருங்கள்: கழிவு ஒப்படைத்த பதிவைக் காட்டினால்தான் கடைசித் தவணை. மற்ற எந்த எச்சரிக்கையைவிடவும் இந்த வரி வேலை செய்யும்.

பழைய மரக் கம்பங்களை யாருக்கும் கொடுக்காதீர்கள். கரையான் அரிக்காமலிருக்க அவற்றில் செம்பு, குரோமியம், ஆர்செனிக் கலவையை ஏற்றியிருப்பார்கள். கோயில் கூட்டுச் சமையலுக்கு விறகாகப் போனால் புகையிலும் சாம்பலிலும் நஞ்சு. வாய்க்கால் பாலமாகப் போட்டாலும் நீரில் கசியும். பெரும்பாலும் நல்ல மனதோடுதான் கேட்பார்கள். காரணத்தைச் சொல்லி மறுத்துவிடுங்கள்.

ஏழாம் படி: ஊரிலேயே உற்பத்தி

கூரையில் சோலார் போட்டால் பகல் சுமை குறையும். ஆனால் நம் உச்சம் இரவில் என்பதால் பேட்டரி இல்லாமல் டிரான்ஸ்ஃபார்மர் பிரச்சினை தீராது. பழைய லயங்களில் ஆஸ்பெஸ்டாஸ் சிமெண்டுக் கூரை இருந்தால் அதில் துளையிடவே கூடாது. அந்தத் தூசி நுரையீரலில் தங்கிவிடும். முறைப்படி கூரையை மாற்றிய பிறகுதான் சோலார்.

பெரிய வாய்ப்பு செம்பனை ஆலையில் இருக்கிறது. ஒரு டன் குலையை ஆட்டினால் ஏறத்தாழ 0.65 கன மீட்டர் கழிவுநீர் வரும். ஒரு கன மீட்டர் கழிவுநீர் 28 கன மீட்டர் போல பயோகேஸ் தரும். ஒரு கன மீட்டர் கேஸ் கிட்டத்தட்ட 2 யூனிட். ஆண்டுக்கு இரண்டு லட்சம் டன் குலை ஆட்டும் ஆலை இந்தக் கணக்கில் 70 லட்சம் யூனிட்டுக்கு மேல் எடுக்கலாம். திறந்த குளத்தில் விட்டால் அதே மீத்தேன் காற்றில் கலந்து, எடைக்கு எடை கரியமில வாயுவைவிட 28 மடங்கு சூடாக்கும். எஞ்சினுக்குள் விடும் முன் ஹைட்ரஜன் சல்ஃபைடை நீக்கும் கருவி கட்டாயம். இல்லையேல் எஞ்சின் அரித்துப் போகும், கசிந்தால் ஆளையும் கொல்லும். உற்பத்திக்கும் லயங்களுக்கு விநியோகிக்கவும் எரிசக்தி ஆணையத்தின் உரிமம் பற்றி ஆரம்பத்திலேயே விசாரித்துவிடுங்கள்.

எட்டாம் படி: தெருவிளக்கு

கம்பம் மாற்றும்போதே விளக்கையும் மாற்றுவார்கள். வெள்ளை வெளேரென்ற எல்இடி மலிவு என்று எடுத்துவிடாதீர்கள். ஆண் மின்மினி மின்னிப் பெண்ணை அழைப்பது வெளிச்சத்தில் மங்கிப்போகும்; இனப்பெருக்கம் குறையும். ஆற்றை நோக்கிய பக்கத்தில் 3000 கெல்வினுக்குக் கீழான மஞ்சள் ஒளி, மேலேயும் பக்கவாட்டிலும் ஒளி சிதறாத மூடி, நள்ளிரவுக்குப் பின் மங்கும் கட்டுப்பாடு ஆகிய மூன்றையும் கேளுங்கள். நடந்து போகிறவருக்கு வேண்டியது தரையில் விழும் வெளிச்சம்.

ஒன்பதாம் படி: இயக்கி, கண்காணித்தல்

மின்சாரம் கொடுக்கும் முன் எர்த் தடை, காப்புத் தடை, ஃபேஸ் வரிசை சோதனைகளின் தாள்களைக் கையில் வாங்குங்கள். வீடுகளில் வாட்டர் ஹீட்டருக்கு 10 மில்லிஆம்ப் ஆர்சிசிபி (மின்கசிவைக் கண்டு துண்டிக்கும் சுவிட்ச்) இருக்கிறதா என்று இந்தச் சந்தர்ப்பத்திலேயே பார்த்துவிடலாம்.

மூன்று மாதம் கழித்து இரண்டாம் படியில் அளந்த அதே இடங்களில், அதே முறையில் மறுபடி அளந்து பழைய எண்களோடு ஒப்பிடுங்கள். புதிதாக ஏர்கோன் வைத்த வீடுகளால் ஃபேஸ் சமநிலை மறுபடி சரிந்திருக்கும். கம்புட் மண்ணில் நட்ட கம்பங்களை மழைக்காலம் முடிந்ததும் தூக்கு நூல் வைத்துப் பாருங்கள். சாய்வு தெரிந்தால் உடனே தாங்குகம்பி போடுங்கள். தொட்டியில் எண்ணெய்ப் படலம், வால்வுப் பூட்டு, ஆந்தை மூடி, களிமண் அணை ஆகிய நான்கையும் மாதம் ஒருமுறை பார்த்துக் கையெழுத்திட ஒரு புத்தகம் சப்ஸ்டேஷன் கதவின் உட்புறம் தொங்கட்டும். எண்ணெய் கசிந்தால் உறிஞ்ச மரத்தூள் மூட்டையும், வாய்க்காலை அடைக்க மணல் மூட்டையும் அதன் அருகிலேயே இருக்கட்டும். சுற்றுச்சூழல் துறை, சிலாங்கூர் நீர் நிர்வாக வாரியம், தெனாகா ஆகிய மூன்றின் அவசர எண்களையும் அந்தப் புத்தகத்தின் முதல் பக்கத்தில் எழுதி வையுங்கள்.